கணினியில் இல்லாத பெயர்

ஜூன் 3, செவ்வாய்

சம்பூர்ணம் அக்கா இந்த நோட்டைக் கொடுத்து, புது லேப்டாப்பில் என்ன செய்தாலும் தேதி போட்டு எழுதி வை என்றார். நாளைக்கு யாராவது கேட்டால் கையில் இருக்க வேண்டுமாம். லேப்டாப்பைப் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்றும் சொன்னார். அவர் எங்கள் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். நான் கோகிலவாணி. சங்க அலுவலகத்தில் தட்டச்சு, பதிவேடு எல்லாம் என் பொறுப்பு.

காலை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து எச்.ஆர். அதிகாரி மூர்த்தி வந்து லேப்டாப்பைக் கொடுத்தார். கம்பெனியிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் தொழிலாளர் நலத் திட்டத்தில் வந்ததாம். போட்டோ எடுத்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். எங்கள் பழைய கம்ப்யூட்டர் மே மாதக் கடைசியில் நின்றுபோனதால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

பெட்டியின் ஒட்டுநாடா ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று விண்டோஸில் எல்லாவற்றையும் நாங்களே போட்டுக் கொடுத்துவிட்டோம் என்றார் மூர்த்தி. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தது.

ஜூன் 4, புதன்

லேப்டாப் நன்றாக ஓடுகிறது. தமிழ் எழுத்து வந்துவிட்டது. பிரிண்டரும் சேர்ந்துகொண்டது.

நான்கு வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தேன். மொத்தம் ஒன்பது. கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒன்பது பெண்கள், அந்தப் பிரிவு மேனேஜர் தங்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிச் சொன்னவை. அக்கா கையால் எழுதி வைத்திருக்கிறார். மேனேஜர் முதலாளியின் மைத்துனர் என்பதால் கம்பெனிக்குள் யாரிடம் சொல்லியும் பயனில்லை. ஜூன் 25ஆம் தேதி ஆட்சியர் அலுவலகத்தில் பெண்கள் புகார்க் குழுவிடம் நேரில் கொடுப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு ஒன்பது பேரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள். அதுவரை யார் பெயரும் வெளியே தெரியக் கூடாது. அந்த ஒரு நிபந்தனையில்தான் வாயைத் திறந்தார்கள்.

மலர்க்கொடி சொன்னதைத் தட்டச்சு செய்யும்போது இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பவளம் சொன்னது ஒரு பக்கம்தான்.

ஜூன் 5, வியாழன்

பத்து மணி முதல் இரண்டு மணிவரை மின்சாரம் இல்லை. லேப்டாப் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கியது.

இது லேப்டாப் விஷயம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அவர் பெயர் தண்டபாணி. அதே கம்பெனியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் ஓட்டுகிறார். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை. இந்த ஒரு மாதமாக வருகிறார். இன்றைக்கு என்ன வேலை, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்கிறார். பேச்சோடு பேச்சாகச் சமையலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூன் 9, திங்கள்

மலர்க்கொடியை இன்று செக்கிங்கிலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். பண்டல் தூக்கும் வேலை. அவள் இடுப்பில் ஆபரேஷன் ஆனது எல்லோருக்கும் தெரியும்.

மதியம் பவளம் வந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாமென்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு, சங்கத்தில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்றாராம் மேனேஜர்.

அக்கா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மேசை மேலிருந்த லேப்டாப்பைக் காட்டி, "இத மொதல்ல அணை" என்றார். அணைத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். பெட்டி வெட்டப்பட்டு வந்ததும், எல்லாம் போட்டுக் கொடுத்ததும் அப்போதே உறுத்தியதாகச் சொன்னார். நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் கம்பெனி அலுவலகத்தில் தெரிகிறது, அதற்காகத்தான் சும்மா கொடுத்திருக்கிறார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

என் வீட்டுக்காரரை இன்று முதல் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். வேன் ஓட்ட வேண்டாம், மற்ற டிரைவர்களுக்கு டிரிப் போட்டுக் கொடுத்தால் போதும். பத்து வருட அனுபவம், எப்போதோ கொடுத்திருக்க வேண்டியது.

ஜூன் 10, செவ்வாய்

அக்காவோடு ஒரே லைனில் தைத்தவரின் மகள் நஸீமா, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறார். வேலை முடிந்து சங்கத்துக்கு வந்தார். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "தேடிட்டே இருக்கறத விட, மொத்தமா அழிச்சிட்டு லினக்ஸ் போட்டுறலாங்க்கா. யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. நீங்களே போட்டுக்கலாம்."

லினக்ஸ் என்பதும் விண்டோஸ் மாதிரிதான், கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் என்று விளக்கினார். அதை ஏற்றிய ஒரு பென்டிரைவைத் தந்தார். அவருக்கு இந்த வாரம் செய்முறைத் தேர்வு. போனில் சொல்லச் சொல்ல நானே செய்ய வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்றதற்கு, பயந்தால் பரவாயில்லை, படித்துப் பார்க்காமல் எண்டர் மட்டும் தட்டாதீர்கள் என்றார்.

ஜூன் 11, புதன்

முதல் முயற்சி தோல்வி.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 பொத்தானை விடாமல் தட்டினேன். மூன்றாவது தடவையில் பட்டியல் வந்தது. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் பச்சை நிறத்தில் ஒரு திரை. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆனால் எங்கே பதிய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் லேப்டாப்புக்குள் எல்லாவற்றையும் சேமிக்கிற வட்டே தெரியவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் தெரிந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூடிவிட்டேன்.

நஸீமா தேர்வு மேற்பார்வையில் இருந்ததால் எடுக்கவில்லை. அக்கா ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை எட்டிப் பார்த்தார். மீதி ஏழு பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் தங்கள் வாக்குமூலத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

புது லேப்டாப்களில் அப்படித்தானாம். ஆன் செய்யும்போதே வரும் தொடக்க அமைப்புக்குள் போய் வட்டு சம்பந்தமான ஒரு தேர்வை மாற்ற வேண்டும். நஸீமா போனில் சொன்னார், மாற்றினேன். வட்டு தெரிந்தது.

அடுத்த அடி வைப்பதற்கு முன், நான் தட்டச்சு செய்த நான்கு வாக்குமூலங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸுக்குள் போகப் பார்த்தேன். நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அமைப்பை மாற்றியதால் திருட்டு என்று நினைத்துக் கேட்கிறதாம். பழையபடி திருப்பி வைத்தும் விடவில்லை. அந்த எண் லேப்டாப்பை முதலில் திறந்து கணக்கு ஆரம்பித்தவரிடம் இருக்கும் என்றார் நஸீமா.

அதாவது மூர்த்தியிடம்.

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மூர்த்தியிடம் போய் எண்ணைக் கேட்டால் நாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிடும். கேட்காவிட்டால் நான் தட்டச்சு செய்தது அத்தனையும் போகும். கையெழுத்துப் பிரதி இருக்கிறதே, மறுபடி தட்டச்சு செய்கிறேன் என்றேன். மலர்க்கொடியுடையதையும்தான்.

ஜூன் 13, வெள்ளி

போட்டாகிவிட்டது.

முழு வட்டையும் அழித்துப் பதிவதா, விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் பதிவதா என்று கேட்டது. அழிப்பதைத் தேர்ந்தெடுத்தேன். வட்டுக்கே பூட்டுப் போடும் தேர்வும் உண்டு. அதையும் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை மறந்தால் யாராலும் திறக்க முடியாது. என்ன சொல் என்று தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நஸீமா போனிலேயே அழுத்திச் சொன்னார். அக்காவும் நானும் மட்டும் தெரிந்துகொண்டோம்.

இதற்கு மேல் திரும்ப வழியில்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி கண்ணு, அழுத்து" என்றார். அழுத்தினேன். பத்தொன்பது நிமிடம் ஆனது. அந்தப் பத்தொன்பது நிமிடமும் கரண்ட் போய்விடுமோ என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பென்டிரைவை எடுத்துவிட்டு எண்டரைத் தட்டச் சொன்னது. தட்டினேன். திரை இருண்டு, கடவுச்சொல் கேட்டது, திறந்தது. மூர்த்தி ஒட்டியிருந்த துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 14, சனி

பிரிண்டரில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவைச் சேர்க்க ஒரு மணி நேரம் பிடித்தது. நான் தட்டச்சுப் பள்ளியில் கற்ற பழைய விசை அமைப்பும் இதில் இருக்கிறது, அதையும் கண்டுபிடித்துவிட்டேன். மலர்க்கொடி, பவளம் உட்பட நான்கையும் மறுபடி தட்டச்சு செய்து முடித்தேன்.

திரும்பக் கேட்ட இருவரையும் அக்கா வரச் சொல்லி லேப்டாப்பைக் காட்டினார். கடவுச்சொல் போடாமல் திறந்து பாருங்கள் என்றார். அவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். வாக்குமூலங்கள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

லினக்ஸ் போட்டதை வீட்டில் சொன்னபோது குரலிலேயே பெருமை இருந்திருக்கும். பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, இனிமேல் யாராலும் உள்ளே பார்க்க முடியாதா என்று கேட்டார். முடியவே முடியாது என்றேன். இன்னும் எத்தனை பேருடையது பாக்கி என்று கேட்டார். ஐந்து என்றேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்று வாக்குமூலங்கள் முடிந்தன. இந்திராணியுடையது நீளம். மூன்று வருடக் கதை. தேதிகளைச் சரியாக நினைவு வைத்திருக்கிறாள். இவளுடையதுதான் பலமானது என்கிறார் அக்கா.

ஜூன் 18, புதன்

இந்திராணியை நேற்றுக் காலை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். திருட்டுப் புகார். அவள் டிபன் பையில் இரண்டு பனியன் இருந்ததாம்.

அவள் பெயர் லினக்ஸ் போட்ட பிறகுதான் லேப்டாப்புக்குள் வந்தது.

ஜூன் 18, மாலை

அக்கா நஸீமாவை வரச் சொல்லியிருந்தார். நஸீமா உட்காருவதற்கு முன்பே, இந்த மெஷினில் கை வைத்தது உன்னைத் தவிர யார் என்று கேட்டுவிட்டார். நஸீமாவின் முகம் மாறிவிட்டது. கடவுச்சொல்லைத் தன்னிடம் சொல்லாதீர்கள் என்று சொன்னது யார் என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைத் திறந்துகொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எந்த நேரத்தில் யார் நுழைந்தார்கள், வெளியே எது போனது என்று எல்லாம் வரிசையாக வந்தது. நான் நுழைந்தது மட்டும்தான் இருந்தது.

"மெஷின்ல இருந்து போகலீங்க்கா. இந்தப் பேரு யாரோ வாயில இருந்துதான் போயிருக்குது" என்றார்.

அக்கா நம்பவில்லை. படித்தவர்களுக்கு எப்படி வேண்டுமானாலும் காட்டத் தெரியும் என்றார். நஸீமா பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டீ வாங்கி வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

சொல்ல எனக்கு என்ன தெரியும்?

ஜூன் 19, வியாழன்

லேப்டாப் திறக்கவில்லை. உறுப்பினர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தேன். கம்பெனி ஆட்கள் பட்டியலின் நகலையும் பார்த்தேன். வேறு ஒரு வேலைக்காக.

ஜூன் 20, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் ரசம் வைத்துக்கொண்டிருக்கும்போது, செக்கிங்கிலிருந்து சிந்தாமணி என்று ஒரு பெண் புதிதாக வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று வீட்டில் சொன்னேன். எந்த ஷிப்ட் என்று கேட்டார். முதல் ஷிப்ட் என்றேன். கறிவேப்பிலை ஆய்ந்து கொடுத்தார்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெயரை லேப்டாப்பில் அடிக்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில் இந்த ஒரு வரிதான்.

ஜூன் 21, சனி

மதியம் செக்கிங் பெண்கள் மூன்று பேர் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தார்கள். காலையிலிருந்து மேனேஜர் ஒவ்வொரு மேசையாக வந்து சிந்தாமணி யார் என்று கேட்கிறாராம். எச்.ஆரிலிருந்து ஹாஜர் நோட்டை எடுத்துப்போய்ப் பார்த்தார்களாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக யாராவது இருக்கிறீர்களா என்று அதட்டினார்களாம். வந்தவர்களில் ஒருத்தி சிரித்தாள். யார் அக்கா அது, எங்களுக்கே தெரியாமல் ஒரு ஆள் என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

சிந்தாமணி என்று அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. எங்கள் சங்கத்திலும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மகள் பாப்பாவை என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவரிடம் கேட்டேன்.

"சிந்தாமணி கெடச்சாளாங்?"

புரியாதவர் மாதிரி பார்த்தார். அப்படி ஒரு ஆளே இல்லை, நான் இட்டுக்கட்டிய பெயர் என்றேன். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் மூர்த்தி இவரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாராம். பத்து வருடத்தில் அந்த அறையில் இவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. இந்தப் புகார் பெரிதானால் வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிடும், இரண்டு லைன் மூடப்படும், வேன்களும் நின்றுவிடும் என்றாராம். யாரையும் ஒன்றும் செய்ய மாட்டோம், பெயர் தெரிந்தால் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றாராம். பவளத்தை நிறுத்தியதும் இவர் போய்க் கேட்டிருக்கிறார். அது வேறு விஷயம் என்று சொல்லி, அன்றைக்கே இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறமும் ஏன் இந்திராணி பெயரைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்சார்ஜ் ஆனதுக்கப்பறம் மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு, "நாங் கேட்டேன், நீ சொன்ன. எம்மேல மட்டும் போடாத கோகிலா" என்றார்.

அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"பன்னெண்டு வருசத்துல இன்னைக்கு உனக்கு என்னாச்சுன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லீங். இந்த ஒரு மாசந்தான் கேட்டீங்க. அதனாலதான் சொன்னேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் தங்கை பாப்பாவைக் கொண்டுவந்து விட்டாள். இருவருக்கும் தோசை ஊற்றினேன். வீட்டுக்காரரும் வந்து சாப்பிட்டார்.

நான் முதல் வாரத்திலேயே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். பவளத்தை அனுப்பிய அன்று சாயங்காலம் அவர் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது ஒரு கணம் தோன்றியது. குடித்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று நான் கேட்டுக்கொண்டதால், ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு அக்கா எல்லோரையும் கூப்பிட்டார். பவளம் மட்டும் வரவில்லை. எட்டுப் பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். லேப்டாப்பில் தப்பில்லை, நஸீமா மேல் தப்பில்லை, பெயர்கள் என் வாயிலிருந்துதான் போயின, என் வீட்டுக்காரர் வழியாகப் போயின என்று சொன்னேன்.

இந்திராணி அழுதாள். ஒருத்தி, சம்பளத்துக்குச் சங்கத்தில் வைத்த ஆளே இப்படி என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர்க்கொடி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"பேரு மட்டுந்தானுங்களா? எனக்கு நடந்ததையும் சொன்னீங்களா?"

பெயர் மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். எட்டுப் பேரும் நம்பியிருப்பார்கள். சொன்னேன் என்று ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை, அதனால் சொல்லிவிட்டேன் என்றேன். மலர்க்கொடி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அக்கா வேறு யோசித்துக்கொண்டிருந்தார். பெயர்களை ஆள் வைத்து வாங்கிப் பழிவாங்கியிருக்கிறார்கள் என்று நிரூபித்தால் மூன்று பேருக்கும் பழைய வேலை திரும்பக் கிடைக்கும், திருட்டுப் புகாரும் நிற்காது என்றார். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். "உன்ற வீட்டுக்காரரு எழுதிக் குடுப்பாரா?" என்று கேட்டார்.

கேட்கிறேன் என்றேன். வீட்டுக்குப் போனதும் கேட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டிவைத்தார். இன்று காலை வழக்கம்போல இன்சார்ஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

நஸீமாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நடந்ததை எல்லாம் செய்தியாக எழுதி மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். 'சரி' என்று ஒரே சொல் வந்திருக்கிறது.

மீதி இரண்டு வாக்குமூலங்களையும் முடித்துவிட்டேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நான் எழுந்து போகும்போது லேப்டாப்பை மூடினார். வேறு தட்டச்சு தெரிந்த ஆள் இல்லை என்பதால்தான் என்னைத் தொட விடுகிறார்.

ஜூன் 25, புதன்

பன்னிரண்டு இருபதுக்குக் கொடுத்தோம். ஒன்பது பெண்களும் வந்தார்கள், பவளமும். குழுத் தலைவி எல்லாவற்றையும் வாங்கிப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வைத்தார். ஒன்பதையும் பார்த்துவிட்டுப் பத்தாவதை இரண்டு முறை வாசித்தார். விசாரணை முடியும்வரை அந்த மேனேஜர் செக்கிங் பிரிவுக்குள் நுழையக் கூடாது, புகார் கொடுத்த யாரையும் மாற்றவோ நிறுத்தவோ கூடாது என்று இன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் போகிறது. வெளியே வந்ததும் இந்திராணி படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். என்னோடு யாரும் பேசவில்லை. பஸ்ஸில் பவளத்துக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் தயங்கி நின்றேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

காலையில் நடந்ததை இன்னும் எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு நான் ஒன்பது வாக்குமூலங்களையும் அச்செடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். அவர் நின்றுகொண்டிருந்தார். இன்சார்ஜ் சட்டை இல்லை, வீட்டில் போடும் கட்டம் போட்ட சட்டை. வேன் சாவிகளை எல்லாம் மூர்த்தியின் மேசையில் வைத்துவிட்டு நடந்தே வந்ததாகச் சொன்னார், என்னிடம் இல்லை, அக்காவிடம்.

அக்கா நாற்காலியைக் காட்டினார். வேறு ஆள் இல்லை, நேரமும் இல்லை. நான்தான் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒன்பது பெண்களிடமும் கேட்ட அதே கேள்விகள்.

"பேருங்?" என்றேன்.

அக்காவைப் பார்த்தார். "சொல்லுங்க தம்பி. எல்லார்த்துகிட்டயும் கேக்கறதுதான்" என்றார் அக்கா.

தண்டபாணி என்றார். அப்பா பெயர் கேட்டேன், வயது கேட்டேன், எத்தனை வருடமாக அந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்டேன். சொன்னார். பெயர்களைக் கேட்டது யார், எந்தத் தேதியில், எந்த அறையில், யார் யார் பெயரைக் கொடுத்தார், அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மூர்த்தி சொன்ன வார்த்தைகளைக்கூட அப்படியே சொன்னார். நான் திரையை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்தேன். சிந்தாமணி என்ற பெயரும் அதில் வந்தது.

"அந்தப் பேருக எல்லாம் உங்களுக்கு எப்படிங் தெரிஞ்சுது?"

சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு, "அத எழுதோணுமா?" என்று கேட்டார்.

"எழுதோணுமுங்."

"என்ற சம்சாரம் சொன்னாங்க."

என்னை அவர் அப்படி மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்கத்தான் வேண்டும், பட்டியலில் அடுத்த கேள்வி அது.

"கோகிலவாணி" என்றார்.

தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்து தவறிவிட்டது, அழித்துவிட்டுத் திருத்தினேன். அதோடு கேள்விகள் முடிந்தன. ஆனாலும் கேட்டேன்.

"அவங்க எதுக்குச் சொன்னாங்க?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை.

அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கறேனான்னு கேக்கறேன்னு நெனச்சுச் சொன்னாங்க" என்றார். "நான் அதுக்குக் கேக்கல."

அதையும் தட்டச்சு செய்து அச்செடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.